மாத்திரை வரும் வழியிலேயே பரிசோதனையும் வரட்டும்!

(சுகாதார ஊழியர்களும், மனநோய்க்கு மாத்திரை உண்பவர்களின் குடும்பத்தாரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப்பேர் இன்றைய கூலியை இழந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் விலை எங்களுக்குத் தெரியும். ஆகவே, சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

மனம் கலங்கியவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். காதில் குரல் கேட்கிறது என்பவர்களுக்கும், ஊரே கூடித் தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று அஞ்சுகிறவர்களுக்கும் இந்த மாத்திரைகள் பெரும் உதவி செய்கின்றன. அதில் எங்களுக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் மாத்திரை மனத்துக்கு மட்டும் போவதில்லை. உடம்பு முழுவதும் போகிறது. அந்த உடம்பை யார் பார்க்கிறார்கள்? எடை பார்த்தது யார்? சர்க்கரை பார்த்தது யார்? ரத்த அழுத்தம் பார்த்தது யார்? இதுதான் இன்று நம் முன்னுள்ள கேள்வி.

ஒரு தாயாரின் கதை

எங்கள் பகுதியில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயார் இருக்கிறார். அவருக்கு ஒரே மகன், வயது இருபத்துநாலு, வெல்டிங் பட்டறையில் வேலை. திடீரென்று ஒரு நாள் வேலைக்குப் போவதை நிறுத்தினான். கதவைச் சாத்திக்கொண்டு தானாகவே பேசினான். பேய் பிடித்தது என்றார்கள், மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் நாங்கள் நாலு பேர் சென்று பேசி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஓலான்சபின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் குரல்கள் அடங்கின. மறுபடியும் பட்டறைக்குப் போனான். அந்தத் தாயார் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கைகூப்புவார்.

இரண்டு மாதம் கழித்து அவர் சொன்னார்: "பய தேறிட்டான் அண்ணாச்சி. கன்னம் வச்சிருக்கு பாருங்க. பானையே காணாதுங்கற மாதிரி சாப்பிடுதான்."

நாங்களும் சேர்ந்து சந்தோஷப்பட்டோம். பட்டினியைப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாம். நமக்கு உடம்பு பெருத்தால் அது தேறுதல். மெலிந்தால் அது நோய். மாத்திரையே பசியைத் தூண்டுகிறது, மாத்திரையே எடையைக் கூட்டுகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இதைச் சுயவிமரிசனமாகவே சொல்கிறோம்.

பிறகு அவனுக்குத் தாகம் வந்தது. ராத்திரியில் ஒரு குடம் தண்ணீர் குடித்தான். நாலு முறை எழுந்து வெளியே போனான். தாயார் அதை 'மாத்திரைச் சூடு' என்று நினைத்தார். சூடு தணிய மோர் கொடுத்தார், இளநீர் கொடுத்தார். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்தார். எட்டாவது மாதம் ஒரு விடியற்காலையில் அவன் நினைவின்றிக் கிடந்தான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை ஐந்நூறுக்கு மேல்! அவனுக்குச் சர்க்கரை வியாதி என்பதே அன்றுதான் தெரிந்தது.

பிழைத்துக்கொண்டான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. "இந்த மாத்திரைதானே என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது" என்று தாயார் மாத்திரையைத் தூக்கி எறிந்தார். இரண்டு மாதத்தில் குரல்கள் திரும்பி வந்தன. மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. அந்தப் பிள்ளை ஒருமுறை அல்ல, இரண்டுமுறை விழுந்தான். முதல் முறை உடம்பு விழுந்தது. இரண்டாம் முறை மனம் விழுந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

நோட்டுப் புத்தகம் சொன்ன சாட்சி

அவனுடைய ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். எட்டு மாதமும் தேதி இருக்கிறது, மாத்திரையின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. எடை ஒரு முறைகூட இல்லை. ரத்த அழுத்தம் இல்லை. சர்க்கரை இல்லை.

உடனே டாக்டர் மீது பாயத் தோன்றும். நாங்களும் கோபத்தோடுதான் போனோம். அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் அறுபது பேர். ஒரே டாக்டர். அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. எடை பார்க்கும் மெஷின் இல்லை. ரத்த அழுத்தக் கருவி அடுத்த கட்டடத்தில் இருக்கிறதாம். டாக்டர் சொன்னார்: "ரத்தத்துக்குச் சீட்டு எழுதலாம். ஆனால் வெறும் வயிற்றில் காலை ஒன்பது மணிக்குள் லாபுக்குப் போக வேண்டும். ரிப்போர்ட் மறுநாள் கிடைக்கும். இவர்கள் வருவார்களா?"

யோசித்துப் பாருங்கள். மனநோய்ப் பிரிவு வாரத்தில் ஒரு நாள். முதல் பஸ் ஊரை விட்டுப் புறப்படுவதே ஏழு மணிக்கு. வரிசையில் நின்று டாக்டரைப் பார்க்கப் பதினொன்றாகிவிடும். அதற்குள் ரத்தம் எடுக்கும் நேரம் முடிந்துவிடும். பரிசோதனைக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், அதை டாக்டரிடம் காட்ட அடுத்த வாரம் ஒரு நாள்: மூன்று நாள் கூலி! "நோயாளி ஒத்துழைப்பதில்லை" என்று ரிஜிஸ்டரில் எழுதிவிடுவது சுலபம். பஸ் நேரமும் லாபின் நேரமும் ஒத்துழைக்கவில்லை என்று யார் எழுதுவது?

இன்னொன்றையும் கவனித்தோம். எட்டு மாதத்தில் ஆறு முறை மாத்திரை வாங்கப் போனது மகன் அல்ல, தாயார்! அவன் பட்டறையில் லீவு கேட்டால் வேலை போய்விடும்; என்ன நோய் என்று கேட்டால் மானம் போய்விடும். ஆகவே தாயார் நோட்டை எடுத்துக்கொண்டு போவார், மாத்திரையோடு வருவார். ஊர்தோறும் இதே நிலைமைதான். ஆஸ்பத்திரிக்கு நோட்டு போகிறது, உடம்பு போகவில்லை. நோட்டுக்கு எப்படி எடை பார்ப்பது?

"எல்லாம் மனசுதான்!"

நோயாளியே நேரில் போனாலும் இன்னொரு சுவர் நிற்கிறது. மனநோய்க்காரன் நெஞ்சு வலிக்கிறது என்றால், "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார்கள். களைப்பாக இருக்கிறது என்றால், "மாத்திரை அப்படித்தான்" என்கிறார்கள். நோயின் பெயரைப் பார்க்கிறார்களே தவிர மனிதனைப் பார்ப்பதில்லை. மனநோய் டாக்டர், சர்க்கரை என் வேலை இல்லை என்று நினைக்கிறார். சர்க்கரை டாக்டர், இது மனநோய்க் கேஸ் என்று ஒதுங்குகிறார். இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள தாழ்வாரத்தில் நம் பிள்ளை விழுந்து கிடக்கிறான்.

இந்தத் தாழ்வாரம் சர்க்கார் காகிதத்திலும் இருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் வந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய நோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டம் 2010-ல் வந்தது. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் இரண்டு திட்டம், இரண்டு நிதி, இரண்டு ரிஜிஸ்டர்! சர்க்கரைக்காக ஊர் ஜனங்களைப் பரிசோதிக்கும் தேசிய ஏற்பாடு முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கணக்கில் கொள்கிறது. மனச்சிதைவு நோயோ பெரும்பாலும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையில்தான் ஆரம்பிக்கிறது. இருபத்துநாலு வயது வெல்டர் எந்த ரிஜிஸ்டரில் வருவான்? ஒன்றில் மனம் மட்டும் வரும். மற்றதில் வயது வராது!

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. இந்த வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசினைப் பாரிஸ் நகர டாக்டர்கள் 1952-ல் மனநோய்க்குக் கொடுத்தார்கள். ஆயுள் முழுவதும் பூட்டிவைக்கப்பட்ட ஆயிரமாயிரம் பேர் வீடு திரும்ப இந்த மருந்துகள் வழிசெய்தன. பின்னர் ஓலான்சபின் போன்ற புது மருந்துகள் வந்தன. கைநடுக்கம், விறைப்பு குறைந்தது; ஆனால் எடையும் சர்க்கரையும் கூடின.

ஓலான்சபின் 1996-ல் விற்பனைக்கு வந்தது. எடை கூடுவதையும் சர்க்கரை ஏறுவதையும் டாக்டர்களிடம் அந்தக் கம்பெனி குறைத்துக் காட்டியது என்று, கம்பெனியின் உள் ஆவணங்களை ஆதாரமாகக் காட்டி 2006 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. கம்பெனி மறுத்தது. ஆனால், அனுமதிக்கப்படாத உபயோகத்துக்கு அதே மருந்தை விற்கப் பிரசாரம் செய்ததாக 2009 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அமெரிக்காவில் 141 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தது. மருந்து நல்லதாக இருக்கலாம். அதை விற்கும் லாபவேட்டை நல்லதல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

புது மருந்துகள் எல்லாவற்றிலும் சர்க்கரை பற்றி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2003-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டது. அடுத்த வருஷம், 2004-ல், அந்நாட்டுச் சர்க்கரை நோய்ச் சங்கமும் மனநோய் டாக்டர்களின் சங்கமும் வேறு சில சங்கங்களுடன் கூடி உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டன. மருந்தை ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் எடை. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பன்னிரண்டாவது வாரத்தில், பிறகு வருஷந்தோறும். அவ்வளவுதான்! இதில் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய முடியாதது என்ன இருக்கிறது?

செய்யாவிட்டால் என்ன ஆகும்? கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது இருதய நோய் போன்ற உடல் நோய்களே. எல்லாம் மாத்திரையால் என்று சொல்ல மாட்டோம். வறுமை உண்டு, பீடி சிகரெட் உண்டு, கவனிப்பின்மை உண்டு. அதோடு ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம்: மாத்திரையை நிறுத்துவது இதற்குப் பரிகாரம் அல்ல. பின்லாந்து தேசத்தில் பதினோரு வருஷம் பல்லாயிரம் நோயாளிகளைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெடுநாள் மருந்து உண்டவர்களைவிட மருந்தே உண்ணாதவர்களிடம்தான் மரணம் அதிகமாக இருந்தது. ஆகவே தாய்மார்களே, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், எடையைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் போன்ற மருந்து சேர்க்கலாம். ஆனால் அதையெல்லாம் செய்ய வேண்டுமானால், முதலில் அளந்து பார்க்க வேண்டும்!

முடியாது என்பவர்களுக்கு ஒரு பதில்

"இவர்களுக்குப் பரிசோதனை நடத்துவது நடைமுறையில் முடியாது" என்று சிலர் கூறுகிறார்கள். முடியும். உலகமே செய்துகாட்டியிருக்கிறது.

குளோசபின் என்று ஒரு மருந்து. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கும் அது வேலை செய்கிறது. ஆனால் சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அழித்துவிடுகிறது. 1975-ல் பின்லாந்தில் இதனால் எட்டுப்பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து பின்வாங்கப்பட்டது. பின்னர் 1989-ல் அமெரிக்காவில் அனுமதித்தபோது ஒரு நிபந்தனை விதித்தார்கள்: ரத்தப் பரிசோதனை இல்லையென்றால் மருந்து இல்லை! இதே மனநோயாளிகள்தான், 'ஒத்துழைக்க மாட்டார்கள்' என்று சொல்லப்பட்டவர்கள்தான், ஆரம்ப மாதங்களில் வாரந்தோறும் கை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். எப்படி? நிர்வாகம் அதைத் தன் கடமையாக ஏற்றது. யார் எடுப்பது, யார் பார்ப்பது, எண்ணிக்கை குறைந்தால் யார் நடவடிக்கை எடுப்பது என்று பெயர் போட்டு எழுதியது. வெள்ளை அணுவுக்குச் செய்ததைச் சர்க்கரைக்குச் செய்ய முடியாதா? அணு அழிந்தால் சில நாளில் சாவு, உலகம் பார்க்கிறது. சர்க்கரை பத்து வருஷத்தில் கொல்கிறது. ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை.

அதே கதையில் மறுபாடமும் உண்டு. கண்டிப்பு அதிகமானபோது, ரிப்போர்ட் தாமதமான ஒரே காரணத்தால் மருந்து கிடைக்காமல் போனவர்கள் உண்டு. வம்பு வேண்டாம் என்று அந்த மருந்தையே எழுதாத டாக்டர்களும் உண்டு. 2025-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் கட்டாயத் திட்டத்தை நீக்கிவிட்டது. ஆகவே, "எடை பார்க்க வராவிட்டால் மாத்திரை தர மாட்டோம்" என்று நோயாளியைத் தண்டிப்பது நம் வழி அல்ல. பூட்டு நோயாளியின் வாசலில் வேண்டாம். கடமை நிர்வாகத்தின் தோளில் இருக்கட்டும். மாத்திரை எந்த வழியாக வீட்டுக்கு வருகிறதோ, அதே வழியாகப் பரிசோதனையும் வரட்டும்!

வழி இருக்கிறது

தமிழ்நாட்டில் அந்த வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பமாயிற்று. நம் பெண்கள் ரத்த அழுத்தக் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். எத்தனையோ வீடுகளில் முன் அறையில் பாட்டிக்குச் சர்க்கரை பார்க்கிறார்கள். உள் அறையில் மனநோய் மாத்திரை உண்ணும் பேரன் படுத்திருக்கிறான். அவன் பெயரும் அந்த நோட்டில் ஏற வேண்டும். இன்னும் பத்து அடி உள்ளே நடந்தால் போதும்!

ஆனால் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் இல்லை. ஊக்கத்தொகை என்ற பெயரில் ஏதோ கொடுக்கிறார்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் கொடுக்காமல், தியாகம் செய்யுங்கள் என்று உபதேசிப்பதை ஏற்க முடியாது.

2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது? எல்லா மருத்துவ சேவையிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது அதன் 21-வது பிரிவு. நாம் கேட்பது தர்மம் அல்ல, சட்டத்தில் உள்ளது.

நமது கோரிக்கைகள்

1. மனநோய்ப் பிரிவு நடக்கும் ஒவ்வொரு அறையிலும் எடை மெஷின், அளவு நாடா, ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி இருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கும் முன்பே நர்ஸ் இவற்றைப் பார்த்து எழுத வேண்டும். அதற்கு ஆள் போட வேண்டும்.

2. நோயாளியின் நோட்டில் முதல் பக்கத்திலேயே பரிசோதனை அட்டவணை அச்சிடப்பட வேண்டும். காலியாக உள்ள கட்டம் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

3. வந்த அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதை உபயோகித்து, ஏழைகளின் இரண்டாம் நாள் கூலியைக் காப்பாற்றுங்கள்.

4. மாத்திரை வாங்கக் குடும்பத்தார் வந்தால் மாத்திரையைக் கொடுங்கள். அதோடு அந்த ஊர்ச் சுகாதார ஊழியருக்குத் தகவல் கொடுங்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

5. இந்த மாத்திரை உண்பவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனையில் வயது வரம்பு கூடாது.

6. அளவு கூடினால் யார் நடவடிக்கை எடுப்பது என்று எழுதி வைக்க வேண்டும். எழுதி மூடிவைக்கும் எண், நோயாளியைக் காப்பாற்றாது.

நாம் செய்யக்கூடியது

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தாய்மார்களே, பிள்ளையின் அரைஞாண் கயிறு இறுகுகிறதா என்று பாருங்கள். தையல்காரரிடம் உள்ள நாடா போதும்: இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் அது நம் தேசத்து உடம்புக்கு எச்சரிக்கை. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத களைப்பு இருந்தால் 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே சர்க்கரை பாருங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். கலர் சோடா வேண்டாம். குளோசபின் உண்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால் உடனே டாக்டரிடம் போங்கள். அவருக்கு மலச்சிக்கல் உண்டா என்றும் கேளுங்கள். அந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதைக் கேட்க எந்த மெஷினும் தேவையில்லை.

சுகாதார ஊழியத் தோழர்களே! அவன் சொல்வதை நம்பிக் கேளுங்கள். ஊசியைக் கண்டு மிரண்டால், என்ன எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்று அவனிடமே சொல்லுங்கள். அவன் தாயாரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். உடம்பு அவனுடையது.

அந்த வெல்டர் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடுகிறான். பாதி நாள் பட்டறைக்குப் போகிறான். தாயார் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை ரேஷன் கடைத் தராசில் அவனை ஏற்றி எடை எழுதி வருகிறார். கையெழுத்துப் போட மட்டுமே கற்ற அந்தத் தாயார் எண்களைப் பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கொண்டு எழுதுகிறார்.

அரிசி நிறுக்கும் தராசில் ஒரு தாயார் செய்வதை, ஆஸ்பத்திரி வைத்திருக்கும் சர்க்கார் செய்ய முடியாதா? கேட்போம் தோழர்களே! கூடிக் கேட்போம்! மாத்திரை வரும் வழியிலேயே பரிசோதனையும் வரும்வரை கேட்போம்!